ஸ்டாட்டின் எழுதித் தரும் மருத்துவர்களுக்கு: டோஸை மாற்றும் முன் ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் வருடக்கணக்காக என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பலருடைய பையில் அந்த மாத்திரையோடு மூலிகை கேப்சூல் டப்பாக்களும் இருக்கின்றன. அவை உங்கள் சீட்டில் இல்லை. பெரும்பாலும் உங்கள் குறிப்பிலும் இல்லை. நோயாளி அதை உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவர் தசை வலிக்கிறது என்று வந்தாலோ, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றாலோ, அந்த மாத்திரையைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் முன்னால், அவர் என்னென்ன மூலிகைத் தயாரிப்புகள் சாப்பிடுகிறார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் போதாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் சிவப்பு ஈஸ்ட் அரிசி. இந்த விஷயத்தில் மற்ற எதையும்விட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்து உருவாக்கும் பொருள் இது. கொலஸ்ட்ராலை இயற்கையாகக் குறைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். குறைக்கத்தான் செய்கிறது, அதில் பொய்யில்லை. ஆனால் குறைப்பது எது? அதில் இருக்கும் மொனாகோலின் கே. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1979இல் மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்ததும் அவரே. ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு லோவாஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் மாத்திரை அதுதான். இரண்டும் ஒரே மூலக்கூறு. ஒரு அணுகூட வித்தியாசம் கிடையாது.

அப்படியென்றால் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவர் சிவப்பு ஈஸ்ட் அரிசியும் சேர்த்துச் சாப்பிட்டால், அவர் இரண்டு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். ஒன்றின் டோஸ் உங்களுக்குத் தெரியும். இன்னொன்றின் டோஸ் யாருக்குமே தெரியாது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவில் விற்ற 12 சிவப்பு ஈஸ்ட் அரிசித் தயாரிப்புகளைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு கேப்சூலில் இருந்த மொனாகோலின் கே 0.10 மில்லிகிராம் முதல் 10.09 மில்லிகிராம் வரை இருந்தது. அதாவது நூறு மடங்கு வித்தியாசம். 12இல் 4 தயாரிப்புகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் கூடுதலாக இருந்தது. ஒரே நோயாளி, டப்பா தீர்ந்ததும் வேறு கம்பெனி டப்பா வாங்கினால், அவருடைய ஸ்டாட்டின் அளவு ஒரே நாளில் எங்கேயோ போய்விடும். உங்கள் சீட்டிலோ ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொஞ்சம் தெளிவாகக் கையாண்டிருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்தது. ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் மொனாகோலினிலேயே தீவிரமான பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன என்றும், பாதுகாப்பான அளவு இது என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்றும் அந்த ஆணையம் கூறியது. அதன் பிறகு 2022இல் வந்த விதிப்படி, ஒரு நாளுக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுபவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை எழுபது வயதுக்காரர் எத்தனை பேர் படிக்கிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. என்னை மிகவும் வருத்துவது அதுதான். ஸ்டாட்டின் சாப்பிட்டதால் தசை வலி வந்தது, இனி அது எனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்தவர்கள் நேராகப் போய் வாங்குவது சிவப்பு ஈஸ்ட் அரிசியைத்தான். ஒத்துக்கொள்ளாத அதே மருந்து வகையை, அளவு தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல், இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். உங்கள் குறிப்பில் ஸ்டாட்டின் நிறுத்தப்பட்டது என்று இருக்கும். அவர் உடம்பில் ஸ்டாட்டின் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இது உடம்பில் ஸ்டாட்டினைக் கூட்டும் பக்கம். அதைக் குறைக்கும் பக்கத்துக்கு வருகிறேன்.

மனச்சோர்வுக்காகப் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையில் ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் இருக்கிறது. அது கல்லீரலிலும் குடலிலும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் உடைத்து வெளியேற்றுவது முக்கியமாக இந்த நொதிதான். நொதி பெருகினால் மருந்து வேலை செய்யும் முன்பே கரைந்து போகும். சிம்வாஸ்டாட்டின் அளவு இரத்தத்தில் நன்றாகக் குறைவதை 2001இல் ஜப்பானில் நடந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் பிரவாஸ்டாட்டின் அசையவில்லை, ஏனென்றால் அதற்கு இந்த நொதியோடு பெரிய தொடர்பு இல்லை. அடோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு இந்த மூலிகையைக் கொடுத்தபோது எல்டிஎல் ஏறியதாக 2007இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொன்னது.

இதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் படித்த விஷயம். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டத்தை. அந்த நோயாளி உங்களிடம் வருகிறார். எல்டிஎல் இறங்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறீர்கள். சாப்பிடுகிறேன் என்கிறார், உண்மைதான். 20 மில்லிகிராம் போதவில்லை என்று 40 ஆக்குகிறீர்கள், பிறகு 80. இப்போது எண் கட்டுக்குள் வருகிறது. சில மாதம் கழித்து மனம் தெளிந்துவிட்டது என்று அவர் மூலிகையை நிறுத்துகிறார். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. இரண்டு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முன்பு பாதி கரைந்து போன மருந்து இப்போது முழுதாக இரத்தத்தில் தங்கும். 80 மில்லிகிராமின் முழு வேகமும் அவருக்கு அப்போதுதான் தெரியும். தசை வலியோடு வருவார். சீட்டில் எதுவும் மாறவில்லையே என்று நீங்கள் யோசிப்பீர்கள். மூலிகையைத் தொடங்குவது மட்டும் ஆபத்து என்று நினைக்கிறோம், நிறுத்துவதும் ஒரு டோஸ் மாற்றம்தான்.

நொதியைத் தடுத்து மருந்தின் அளவை ஏற்றிவிடுபவை வேறு. இதில் பேர் பெற்றது கிரேப்ஃப்ரூட் பழச்சாறு. அது மூலிகை மாத்திரை இல்லைதான். ஆனாலும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைக்காது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஒரு இரத்த அழுத்த மருந்தோடு மதுவின் விளைவைச் சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாமலிருக்கச் சேர்த்த சாறுதான் மருந்தின் அளவை ஏற்றியது என்று தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். 1991இல் அது பரவலாகத் தெரியவந்தது. அந்தச் சாற்றில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற பொருட்கள் குடலில் இருக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை நிரந்தரமாக முடக்குகின்றன. குடல் புது நொதியை உருவாக்கும் வரை விளைவு நீடிக்கும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று நேரத்தைப் பிரித்து வைத்தால் தப்பிக்கலாம் என்று நோயாளிகள் நம்புவது இதனால்தான் பலிக்காது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் சாதாரணச் சாறு குடித்தவர்களிடம்கூட சிம்வாஸ்டாட்டின் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியது.

மூலிகைகளில் இதே பக்கம் நிற்பது கோல்டன்சீல் என்ற செடி. சில தாவரங்களில் இருக்கும் பெர்பெரின் என்ற பொருளும் அப்படித்தான். பெர்பெரின் கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் கூட்டி கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று 2004இல் ஆய்வு வந்த பிறகு அது பெரிய வியாபாரமாகிவிட்டது. பல கேப்சூல்களில் சிவப்பு ஈஸ்ட் அரிசியையும் பெர்பெரினையும் ஒன்றாகவே அடைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒன்று லோவாஸ்டாட்டின், இன்னொன்று லோவாஸ்டாட்டினை உடைக்கும் நொதியை ஓரளவு தடுப்பது. இரண்டும் ஒரே கூட்டுக்குள். அதற்கு மேல் நீங்கள் எழுதித் தந்த மாத்திரை. மஞ்சள் சாறு கேப்சூல்களில் உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காகச் சேர்க்கும் பைப்பரின் என்ற மிளகுப் பொருளும் மருந்துகளைக் கையாளும் நொதிகளையும் கடத்திகளையும் தொடுவதுதான். சமையலில் சேரும் மிளகும் மஞ்சளும் வேறு, செறிவாக்கிய கேப்சூல் வேறு. இதை நோயாளிகளிடம் பிரித்துச் சொல்லாவிட்டால் வீணாகப் பயப்படுவார்கள்.

குக்குலு என்ற மரப் பிசினைப் பற்றியும் ஒரு வரி. கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்ற பேர் அதற்கு நெடுநாளாக உண்டு. 2003இல் அமெரிக்காவில் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில் 8 வாரம் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ஸ்டாட்டினோடு இதைச் சாப்பிட்டுவிட்டு எண் இறங்கவில்லை என்று வருபவர் இருக்கலாம், மறந்துவிடாதீர்கள்.

இனி, ஸ்டாட்டினோடு மோதாமலேயே ஸ்டாட்டினின் பேரைக் கெடுப்பவை. அதிமதுரம் அதிகமாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் தசை தளரும், தசை பாதித்தால் இரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதி ஏறும், தசை நார்கள் சிதையவும் செய்யும். ஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவர் இந்த நிலையில் வந்தால் யாருக்கும் முதலில் அதிமதுரம் நினைவுக்கு வராது. அதே போல, செறிவான கிரீன் டீ சாறும், பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூலும், அமுக்கிராவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற நொதி ஏறியதும் பழி யார் மேல் விழும்? ஸ்டாட்டின் மேல்தான். ஸ்டாட்டின் நிற்கும். கல்லீரலைக் கெடுத்தது தொடரும்.

இதில் இழப்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எல்டிஎல் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. தசை முழுக்கச் சிதையும் ராப்டோமயோலிசிஸ் ஸ்டாட்டினால் வருவது மிக மிக அரிது. ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் சொல்லும் தசை வலியில் பெரும்பகுதி ஸ்டாட்டினால் வருவதில்லை என்று 2022இல் பல பெரிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு காட்டியது. வேறெதனாலோ வந்த வலிக்காக ஒருவர் பல வருடப் பாதுகாப்பை இழக்கக் கூடாது. அந்த வேறெதையோ தேடாமல் விட்டால் அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இனி கேட்கும் விதம். 1993இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மாற்று சிகிச்சை எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை. அது பழைய எண்தான், ஆனால் காரணங்கள் பழசாகவில்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். மூலிகையை அவர்கள் மருந்துக் கணக்கில் வைப்பதே இல்லை. திட்டுவார் என்ற பயமும் உண்டு. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். என்னிடம் சொல்பவர்கள் பலர், டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க என்று சேர்த்தே சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒருவர் தன் உடம்பைக் காப்பாற்ற உங்களிடம் வந்துவிட்டு, அதே உடம்புக்குள் போவதை உங்களிடமே மறைக்கிறார்.

அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். 'நிறையப் பேர் மூலிகை கேப்சூல், சத்துப் பொடி எல்லாம் சாப்பிடுகிறார்கள். நீங்கள் எது சாப்பிடுகிறீர்கள்?' சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் எது என்று கேட்டாலே பதில் வேறு மாதிரி வருகிறது, இது என் அனுபவம். அப்புறம் பெயர்களைச் சொல்லுங்கள்: சிவப்பு ஈஸ்ட் அரிசி, பெர்பெரின், செயின்ட் ஜான்ஸ் வோர்ட், குக்குலு, மஞ்சள் கேப்சூல், அதிமதுரம். மனசுக்காக, தூக்கத்துக்காக, மூட்டு வலிக்காக ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். மனச்சோர்வுக்கான மூலிகையைக் கொலஸ்ட்ரால் பேச்சில் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். சமீபத்தில் நிறுத்தியது ஏதாவது இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். டப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கள், முடியாதென்றால் போனில் லேபிளைப் படம் எடுத்து வரட்டும்.

தெரிந்த பிறகு எல்லாவற்றையும் தூக்கிப்போடு என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த முறை மறைப்பார்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசியை மட்டும் சந்தேகமே இல்லாமல் நிறுத்தச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அது நீங்கள் தரும் மாத்திரையின் இன்னொரு வடிவம் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று புரிகிறது, தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். கிரேப்ஃப்ரூட்டை விட மனமில்லாதவருக்கு சிஒய்பி3ஏ4 வழியை அதிகம் சாராத ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின், பிட்டாவாஸ்டாட்டின் போன்ற ஒன்றை யோசிக்கலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் சாப்பிடுபவரிடம் முதலில் அவர் மனநிலையைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முறையான சிகிச்சை கிடைத்தால் மூலிகை தானாக விலகும். விலகும் நாளைக் குறித்து வைத்து, அதற்கேற்ப ஸ்டாட்டின் டோஸைப் பாருங்கள்.

சேர்ந்து போகக்கூடியவையும் இருக்கின்றன, அவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். இசப்கோல் உமியை 10 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினோடு கொடுத்தபோது 20 மில்லிகிராம் கொடுத்த அளவுக்கு எல்டிஎல் இறங்கியதாக ஓர் ஆய்வு உண்டு. தாவர ஸ்டீரால் ஒரு நாளைக்கு 2 கிராம் அளவில் ஸ்டாட்டினுக்கு மேலும் கொஞ்சம் உதவும். நார்ப்பொருளையும் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். இயற்கையான ஒன்றைச் செய்ய வேண்டும் என்று மனசார விரும்புபவருக்கு இப்படி ஒரு வழி காட்டினால் அவர் உங்களை நம்புவார். மறைக்க வேண்டிய தேவையும் இருக்காது.

கொலஸ்ட்ராலுக்கான இன்னொரு மருந்தான கோலெஸ்டிரமின் எழுதும்போது மட்டும் எதிர்த்திசையில் கவனம் வேண்டும். அது குடலில் எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிடச் சொல்லுங்கள்.

பக்கவிளைவு ஏதாவது கண்டால், மூலிகையின் பெயரையும் சேர்த்து மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு எழுதுங்கள். ஸ்டாட்டின் பெயர் மட்டும் போனால் பழியும் அதன் கணக்கில் மட்டுமே சேரும். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்ந்தபோது அது தசையைச் சிதைத்து உயிர்களைப் பறித்தது. எந்த மருந்தோடு சேர்ந்தது என்று மருத்துவர்கள் எழுதி அனுப்பியதால்தான் அந்தக் கூட்டணி வெளியே தெரிந்தது. மூலிகைகளுக்கு அப்படி எழுதுபவர்கள் இன்னும் மிகக் குறைவு.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுக்கும்போது நாங்களும் இதே கேள்வியைக் கேட்போம். கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால், நோயாளியின் சம்மதத்தோடு ஒரு சிறு குறிப்பு எழுதி அவர் கையிலேயே உங்களுக்கு அனுப்புவோம். அதை ஒதுக்கிவிடாமல் படியுங்கள். சிறுநீர் கருப்பாகவோ பழுப்பாகவோ போனால், தசை வலியோடு பலவீனமும் சேர்ந்தால், காத்திருக்காமல் உடனே உங்களிடம் வரச் சொல்லி ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அப்படி ஒருவர் வந்தால் சிகே பரிசோதனையோடு அந்தப் பையையும் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
ஒரு மருந்தாளுநர்